தாய்மொழிக்கு விடுமுறையா?

‘இரு மொழிகள் சேர்ந்தால் பிள்ளை குழம்பிவிடும்’ என்று சொல்லி, தில்லித் தமிழர்களாகிய நாம் வீட்டிலும் இந்தியையோ ஆங்கிலத்தையோ பேசுகிறோம். இஃது ஆதாரமற்ற அச்சம். 1962இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் பீல், லாம்பெர்ட் என்னும் இருவர் பத்து வயதுச் சிறாரை ஆராய்ந்தபோது, இரு மொழி அறிந்தவர்களே அறிவுத்திறன் தேர்வுகளில் முந்தி நின்றனர்.

இந்தியைத் தெருவும் விளையாட்டுத் திடலும் தாமே கற்பிக்கும். ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். தமிழுக்கு நம்மையன்றி யார் உளர்? தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளும் எழுத்தறிவிக்கும். சோறூட்டும்போதும் சினந்து கடியும்போதும் பிறக்கும் பேச்சை அவை எங்ஙனம் தரும்?

தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யுமாறு அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956 முதல் பணிக்கிறது. அவ்வுரிமைக்காக மனு எழுதத் தயங்காத நாம், அதே மொழியை அடுக்களையில் கைவிடுகிறோம்!

தமிழில் கேட்டதற்குக் குழந்தை இந்தியில் விடை சொன்னால் கடிய வேண்டா. நாமும் இந்திக்குத் தாவ வேண்டா. தமிழிலேயே பேச்சைத் தொடர்வோம். இன்று சோம்பினால், கோடை விடுமுறையில் ஊர் செல்லும் பேரன் பாட்டியின் முன் ஊமையாய் நிற்பான். அப்பழி ஊரைச் சாராது, நம்மையே சாரும்.