பொன்னாடையோடு முடிவதில்லை

குதிரைக் காப்பகத்தில் பைசா வாங்காமல் உழைத்த தன்னார்வலர் விடைபெறும்போது பொன்னாடை போர்த்துவதோடு நம் கடமையை முடித்துக்கொள்கிறோம். அவருடைய வேலையை இன்னொருவர் கையில் சேர்ப்பதே முறையான பிரிவுபசாரம். முதல் உலகப்போரில் உழைத்துத் தேய்ந்த படைக்குதிரைகளைக் கெய்ரோவில் மீட்ட டோரதி புரூக், 1934இல் அங்கே குதிரைகளுக்கு இலவச மருத்துவமனை தொடங்கினார், 1955இல் மறைந்தார். ஆனால் அவர் வேலை நிற்கவில்லை, அவர் பெயரிலான அமைப்பு இன்று பல நாடுகளில் இயங்குகிறது. ‘வேலையை ஒப்படைக்கலாம், அந்த அன்பைக் கைமாற்ற முடியுமா?’ என்று சிலர் கேட்பார்கள். அன்பை முடியாதுதான், ஆனால் எந்தக் குதிரை பின்னங்காலைத் தூக்கவிடாது, எதன் குளம்பில் அடிக்கடி கல் சிக்கும் என்பதை நோட்டில் எழுதிவைக்கலாம், புதியவரைக் கூடவே நிறுத்திப் பழக்கலாம். நம் ஊரிலும் இதற்குத் தேவை உண்டு: அடிவாரத்துக் கெங்குவார்பட்டியைத் தாண்டி மலையேறினால் கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள். அவற்றில் ஒன்று நொண்டினால், குளம்பைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த அடுத்த ஆள் இருந்தாக வேண்டும்.