டயர் செருப்பு தைத்தவருக்குச் சான்றிதழ் இல்லை



என் தாத்தா லாரி டயரை அறுத்துச் செருப்பு தைத்தவர். தேய்ந்துபோன டயர் அவர் கையில் செருப்பாகும்; கிணற்றில் தண்ணீர் இறைக்கும் வாளியாகும். கல்லுடைக்கப் போனவர்களின் கால்களை முள்ளிலிருந்து காத்தது அந்தச் செருப்புதான். அதைத் தைத்தவரோ ஊர்த்தெருவில் நுழையும்போது கழற்றிக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அந்த வேலைக்குப் பெயர் இழிதொழில். இன்றைக்கு அதற்குப் பெயர் சுழற்சிப் பொருளாதாரம். பெயர் மாறியது, பணமும் வந்தது. யாருக்கு வந்தது என்பதுதான் கேள்வி.

2022 ஜூலையில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவு டயர்களுக்கான விதிகளை வெளியிட்டது. டயரைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவருமே அதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பு. 2022-23-இல் 35 விழுக்காடு, அடுத்த ஆண்டு 70, அதற்கடுத்த ஆண்டு 100 என்று இலக்கு வைத்தார்கள். டயர் நிறுவனம் தானே மறுசுழற்சி செய்ய வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். அதாவது, அரசு ஒரே ஓர் அறிவிப்பில் ஒரு சந்தையையே உருவாக்கிவிட்டது.

அந்தச் சந்தைக்குள் நுழைய ஆலை வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வேண்டும், மத்திய வாரியத்தின் இணையதளத்தில் பதிவு வேண்டும். மீட்டெடுத்த ரப்பர், ரப்பர் தூள், கார்பன் கறுப்பு, சாலைக்கான ரப்பர் கலந்த தார், டயரைக் காய்ச்சி எடுக்கும் எண்ணெய் ஆகியவற்றுக்குத்தான் சான்றிதழ். டயர் செருப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பஞ்சர் கடை வாசலிலிருந்து டயரைப் பொறுக்கி, கம்பியை உருவி, எடைக்குப் போடும் மனிதருக்கும் இடமில்லை. எந்த டயரும் தானாக நடந்து ஆலைக்குப் போவதில்லை. ஆனால் அதைச் சுமந்து போனவர் கணக்கில் வருவதில்லை.

கணக்கில் வராதவர்கள் சாவில் மட்டும் வருகிறார்கள். 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் வாடாவில் ஐரோப்பிய டயர்களைக் காய்ச்சிய ஆலை வெடித்து இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். உலைக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கு என்ன வேலை? பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமில்லாத எந்தக் கூலித் தாயும் இதற்குப் பதில் சொல்வாள். காய்ச்சுவதற்காகக் கழிவு டயரை இறக்குமதி செய்யக் கூடாது என்று அதே 2022 விதிகள் சொல்கின்றன. விதி காகிதத்தில் இருந்தது, டயர் உலையில் இருந்தது. இது புதிய செய்தியும் அல்ல. 19 மாநிலங்களில் இருந்த 637 ஆலைகளில் 270 ஆலைகள் விதிகளைப் பின்பற்றவில்லை என்ற கணக்கு 2019-லேயே பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்டது. ரப்பர் உற்பத்தித் தொழில் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. கறுப்புத் தூளில் நிற்பவருக்கு முகக்கவசமாக இருப்பதோ ஒரு துண்டு.

"அம்பேத்கர் குப்பையை விட்டு வெளியே வரச் சொன்னார். நீங்கள் குப்பையில் பங்கு கேட்கிறீர்களே?" என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் பிள்ளைகள் டயர் அறுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் படிக்கட்டும், எங்கேயும் போகட்டும். ஆனால் ஒரு வேலையில் பணம் இல்லாத வரைக்கும் அது நம் தலையில் கட்டப்பட்ட சாதித்தொழில். பணம் வந்த மறுநாளே அது தகுதி வேண்டும் தொழில் என்றால், அதை வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருப்பது விடுதலை ஆகாது. நமக்குப் பிடிக்காதது அந்த வேலையின் அழுக்கு அல்ல. அழுக்கு ஒருவருக்கு, லாபம் இன்னொருவருக்கு என்ற ஏற்பாடுதான்.

வழி இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற விதி 2012-லிருந்தே இருக்கிறது. துறைகள் அதை எட்டாமல் ஆண்டுதோறும் சாக்குச் சொல்கின்றன. ரப்பர் கலந்த தாரும், விளையாட்டுத் திடலுக்கான ரப்பர் விரிப்பும், வேகத்தடையும் வாங்குவது பெரும்பாலும் அரசுதானே? அந்த ஒப்பந்தங்களில் இருந்து தொடங்கட்டும். டயர் சேகரிப்பவர்களின் கூட்டுறவுகளுக்குப் பதிவும் முதலீடும் கொடுக்கட்டும். சான்றிதழ் விலையில் ஒரு பங்கு சேகரித்தவருக்குப் போகட்டும். கையுறையும் காப்பீடும் இல்லாத ஆலைக்குச் சான்றிதழை ரத்து செய்யட்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய்தான் செலவு. உங்கள் நகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தகவல் உரிமை மனு போடுங்கள். கழிவு டயர் யாருக்கு ஏலம் போகிறது? ரப்பர் தார் யாரிடம் வாங்குகிறார்கள்? அதில் பட்டியல் சாதியினரின் நிறுவனம் எத்தனை? பதில் வந்தாலும் ஆயுதம், வராவிட்டாலும் ஆயுதம்.

என் தாத்தா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். நாம் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம், செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு.

ஜெய் பீம்!