குத்தகைக்கு வந்த நாடு

பொள்ளாச்சிப் பக்கமிருந்து கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம், ஹைதர் அலி 1766-ல் கட்டிய கோட்டை. மதிலும் அகழியும் இன்றும் கம்பீரமாக இருக்கின்றன. அதே காலத்தில், அதே போலப் படைவீரராகத் தொடங்கி மேலே வந்த இன்னொருவருக்கு மிஞ்சியது மதுரை சம்மட்டிபுரத்தில் ஒரு தர்கா. அவர் யூசுப் கான். பாமரர் வாக்கில் கான்சாகிபு. சினிமா ரசிகர்களுக்கு, 1997-ல் கமல்ஹாசன் தொடங்கி முடியாமல் நின்ற படத்தால், மருதநாயகம்.

அவரை விடுதலை வீரர் என்பவர்கள் உண்டு. பூலித்தேவரை ஒடுக்கிய கும்பெனிக் கையாள் என்பவர்களும் உண்டு. இரு தரப்புமே கணக்கு வழக்கைப் பார்ப்பதில்லை. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ராமநாதபுரம் சீமையில் பனையூர்க்காரர். கும்பெனிப் படையில் சேர்ந்து, திருச்சி முற்றுகையில் பெயர் வாங்கி, சிப்பாய்களின் கமாண்டன்ட் ஆனார். 1759-ல் மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் குத்தகைக்கு அவரிடம் வந்தன. கப்பம் கட்டாத பாளையங்கள் மீது பீரங்கி பாய்ந்தது. 1761-ல் பூலித்தேவரின் கோட்டைகள் விழுந்தன. அதே ஆண்டு, ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், குத்தகையை இன்னும் நான்கு ஆண்டுக்கு நீட்டியுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஆற்காட்டு நவாபு முகமது அலிக்கு இந்தக் குத்தகைதாரர் வளர்வது பொறுக்கவில்லை. கும்பெனியோ நவாபு பக்கம் சாய்ந்தது. 1763-ல் யூசுப் கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

மதுரைக் கோட்டையைப் பிடிக்க அந்த ஆண்டு நடந்த முற்றுகை மழைக்காலத்தில் கலைந்தது. 1764 ஜூனில் ஏறித் தாக்கிய ஆங்கிலேயர்கள் பலத்த சேதத்தோடு திரும்பினார்கள். பிறகு வழிகளை அடைத்தார்கள். பீரங்கி செய்யாததைப் பசி செய்தது. அக்டோபர் 13-ம் தேதி, தொழுகையில் இருந்தவரை அவரது ஆட்களே கட்டிப்போட்டார்கள்; அவரிடம் வேலை பார்த்த திவான் சீனிவாசராவும் பிரெஞ்சுக்காரர் மார்ஷானும் அதில் முக்கியமானவர்கள். 15-ம் தேதி தூக்கு.

சீன சரித்திரம் படித்தவர்களுக்கு லூ பூ ஞாபகத்துக்கு வரலாம். வட எல்லையில் பிறந்த மாவீரர். இரண்டு எஜமானர்களைக் கொன்று உயர்ந்தவர். கி.பி. 198-99 முற்றுகையில் சொந்தத் தளபதிகளே எதிரியிடம் போய்ச் சேர, கழுத்தில் கயிறு விழுந்தது. நம்மவர் எஜமானரைக் கொன்றவரல்லர். கேட்டது குத்தகை நீட்டிப்புதான். ஆனால் இருவரிடமும் கூலிக்கு வந்த வீரர்கள்தான் இருந்தார்கள். பரம்பரையாகக் கட்டுப்பட்ட குடிகள் இல்லை. கூலியும் சோறும் நின்றால் அவர்களைப் பிடித்து வைக்க என்ன இருக்கிறது? ஹைதரும் கூலிப்படையைத்தான் நம்பினார். என்றாலும் 1761-லேயே மைசூர் அதிகாரம் அவர் கைக்கு வந்துவிட்டது. குத்தகையை நீட்டச் சொல்லி யாரிடமும் விண்ணப்பிக்கும் நிலை அவருக்கு இல்லை.

குத்தகையை மறுத்த நவாபின் கதை தனி. கும்பெனிக்காரர்களிடம் கடன் மேல் கடன் வாங்கி, 1795-ல் கடனாளியாகவே இறந்தார். 1801-ல் கர்நாடகம் முழுவதையும் கும்பெனி எடுத்துக்கொண்டது.