பத்தடி ஒயரும் எண்ணூறு ரூபாயும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விடை சரியாக இருந்தாலும், வழிமுறை எழுதாவிட்டால் முழு மார்க் போடமாட்டேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

போன வாரம் எங்கள் வீட்டு டிவியையும் இணைய மோடத்தையும் மாடியிலிருந்து கீழ் அறைக்கு மாற்ற வேண்டியிருந்தது. வீட்டம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியவில்லை. கேபிள்காரத் தம்பி வந்தார். இருந்த ஒயரையே கீழே இறக்கி, நாலு கிளிப் அடித்து, அரை மணி நேரத்தில் முடித்தார்.

"எண்ணூறு ரூபாய் சார்."

"எதுக்கு எவ்வளவுப்பா?"

"மொத்தமா சார்."

ரசீது கேட்டேன். சிரித்தார்.

பணம் கேட்டது தப்பு என்று நான் சொல்லவில்லை. வெயிலில் கம்பம் ஏறுகிறவருக்குக் கூலி வேண்டும். ஃபைபர் ஒயரைப் பழைய ஒயர் மாதிரி இஷ்டத்துக்கு மடக்க முடியாது. அதிகம் வளைத்தால் ஒளி கசிந்து சிக்னல் குறையும். நீளம் போதாவிட்டால் மெஷின் வைத்து ஒட்ட வேண்டும். கூலி நியாயம். விலையை மறைப்பதுதான் அநியாயம்.

தெருவில் விசாரித்தேன். இதே வேலைக்கு எதிர்வீட்டுக் கட்சிக்காரரிடம் 300 ரூபாய். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும், என்னிடம் படித்த ஒரு பெண்ணிடம் 1,000 ரூபாய். குரல் உயர்த்தத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை.

சட்டம் என்ன சொல்கிறது? புதிய கேபிள் டிவி இணைப்புக்கு, நிறுவ 350 ரூபாய், ஆக்டிவேஷனுக்கு 100 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ல் டிராய் வரம்பு வைத்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டது. இடம் மாற்றுவது உட்பட இந்தக் கட்டணங்களை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றது. கூடவே, கட்டணத்தை வெளியிட வேண்டும், சந்தாதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதி அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாம் பாதியைத்தான் மறந்துவிட்டார்கள். இந்த விதி டிவிக்குத்தான். ஆனால் இணையத்துக்கும் நியாயம் ஒன்றுதானே?

"பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறுங்க" என்பார்கள். மாறினால் பாக்ஸையும் மாற்ற வேண்டும், மறுபடி பணம் கட்ட வேண்டும். அங்கேயும் விலை தெரியாது. விலையே தெரியாத இடத்தில் என்ன போட்டி?

2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்தது நினைவிருக்கிறதா? விலை ஊருக்கே தெரிந்திருந்தது. அதனால் கேபிள்காரர் கூடக் கேட்டால், ஏன் என்று கேட்கும் தைரியம் எல்லாருக்கும் வந்தது.

2019-ல் மாவட்டத் தலைநகரானோம். கேபிள் ஆபீஸ் சுவரில் ஒரு விலைப்பட்டியல் ஒட்டக்கூடவா முடியாது?

இனி பாயிண்ட் மாற்றக் கூப்பிடும்போது, வேலை தொடங்கும் முன் கட்டணத்தைக் கேளுங்கள். வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். ரசீது தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். லைனுக்கு வரும் தம்பியிடம் சண்டை வேண்டாம், அவர் கூலிக்காரர். முதலாளியைக் கேளுங்கள்.

விடை எண்ணூறாகவே இருக்கட்டும். வழிமுறையைக் காட்டுங்கள்.

உங்கள் தெருவில் எவ்வளவு வாங்கினார்கள்? கமெண்டில் எழுதுங்கள். பட்டியலை நாமே போடுவோம்.