மோர்க் போட்ட முட்டை

1978 முதல் 1982 வரை அமெரிக்காவில் ஓடிய ‘மோர்க் அண்டு மிண்டி’ நகைச்சுவைத் தொடரில் ஆர்க் கிரகவாசி மோர்க், பூலோகப் பெண் மிண்டியை மணக்கிறான். பிறகு அவனே முட்டையிடுகிறான். உள்ளிருந்து வருவது கிழட்டுக் குழந்தை, நடிகர் ஜோனதன் வின்டர்ஸ்!

உயிரியல் பாடம் நடத்திய எனக்கு முட்டைகூட உறுத்தவில்லை. வாரிசுதான் உறுத்துகிறது. குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. நெருங்கிய சொந்தங்கள்தான், ஆனாலும் பிறக்கிற கோவேறு கழுதை பெரும்பாலும் மலடு. ஆர்க்கில் டிஎன்ஏ என்று ஒன்று இருக்கும் என்பதற்கே உத்தரவாதமில்லையே! மோர்க்காக நடித்த ராபின் வில்லியம்ஸின் அதே கண், மூக்கோடு ஒருவன் அங்கே பரிணமிப்பது அதைவிடப் பெரிய புளுகு. (நடிக்க ஆக்டோபஸ் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன்.)

சிரியுங்கள், தப்பில்லை. பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் குரோமோசோம் கணக்கையும் சொல்லிவிடுங்கள்.