மாட்டுக்குப் போட்ட ஊசி, மகளுக்குப் போடலை

இந்த வாரம் ஏரி மதகு பத்தி எழுதறதா போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் பார்த்துக்கலாம். போன மாசம் எங்க சின்ன பொண்ணுக்குக் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. அங்க ஆஸ்பத்திரியில பார்த்த ஒரு விஷயம், ஏழு வருஷமா என் நெஞ்சுல கிடக்கிற இன்னொரு விஷயத்தைக் கிளறி விட்டுடுச்சி. ரெண்டையும் எழுதிடறேன்.

ஆம்பளைக்குப் பிரசவத்தைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. தெரியாதுதான். ஆனா பல வீட்டுல பணத்தை எடுத்துக் குடுக்கிறதும், வேணும் வேணாம்னு சொல்றதும் ஆம்பளைதான். நானும் அப்படி ஒருத்தன்.

பெரியவளைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல குடுத்திருக்கோம். நெசவுக் குடும்பம். காலையில போனா தெருவுல பாவு நீட்டியிருப்பாங்க, வண்டியை ஓரமா உருட்டிக்கிட்டுத்தான் போகணும். மாப்பிள்ளைக்குக் குழித்தறி. கோர்வைச் சேலைன்னா ரெண்டு ஆள் வேணும். கல்யாணமான மறு வருஷமே என் பொண்ணும் வேலை கத்துக்கிட்டு அவர் பக்கத்துல உக்காந்துட்டா.

தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு. ஐப்பசி மாசம், அடைமழை. சம்பா நடவுக்குப் போட்டுக் கை காலியா இருந்த நேரம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். வலி வந்து நாலு மணி நேரம் இருக்கும். டாக்டரம்மா வெளியில வந்து, "முதுகுல சின்னதா ஒரு குழாய் வெச்சி மருந்து குடுத்தா வலி ரொம்பக் குறையும். மயக்க டாக்டரை வெளியிலேர்ந்து வரவழைக்கணும். தனியா பன்னெண்டாயிரம் ஆகும்"னு சொன்னாங்க.

சம்பந்தியம்மா உடனே, "முதுகுல ஊசியா? ஆயுசுக்கும் இடுப்பு வலி வந்துடும். அப்புறம் தறிக்குழியில எப்படி உக்காருவா?"ன்னாங்க. எனக்கு அது வசதியாப் போச்சி. பணம் இல்லைன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம, "வேணாங்க, பொறுத்துக்குவா"ன்னு சொல்லிட்டேன். பொண்ணுகிட்ட சொல்லி அனுப்பினது இன்னும் மோசம்: "உங்கம்மா ஊசி போட்டுக்கிட்டா உன்னைப் பெத்தா?"

அதுக்கப்புறம் பன்னெண்டு மணி நேரம். கதவுக்கு வெளியில உக்காந்திருந்தேன். சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது, நடுவுல டீக்கடைக்கு எழுந்து போயிட்டேன். சுகப்பிரசவம்தான். ஆனா பொண்ணு ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. அவங்கம்மாகிட்ட மட்டும் கேட்டாளாம், "அப்பாதான் வேணாம்னாராமே?"ன்னு. என்கிட்ட அதைப் பத்தி இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்ப சின்னவ. மாப்பிள்ளைக்குச் சென்னையில வேலை. அவ முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி வெச்சிருந்தா. எபிடியூரல்னு பேர். அந்த மயக்க டாக்டர் சின்ன வயசுப் பையன், எங்க எல்லாரையும் உக்கார வெச்சி விவரமா சொன்னார். தண்டுவடம் முடியற இடத்துக்குக் கீழே, ரெண்டு எலும்புக்கு நடுவுல ஊசி போகும். ஊசியை எடுத்துடுவாங்க. நூல் மாதிரி ஒரு குழாய் மட்டும் உள்ளே இருக்கும். அது வழியா கொஞ்சம் கொஞ்சமா மருந்து. வயித்துலேர்ந்து வலியைக் கொண்டு போற நரம்பு மரத்துப்போகும். ஆளுக்கு மயக்கம் கிடையாது. வயிறு இறுகறது தெரியும், முக்கவும் முடியும்.

அவர் பேசப் பேச எனக்கு எங்க வீட்டு மயிலைப் பசு ஞாபகம் வந்தது. பெரியவ பிரசவத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அது கன்னு போட முடியாம தவிச்சது. கன்னுக்குட்டி கால் மடங்கிக் கிடந்தது. மாடு முக்கிக்கிட்டே இருந்ததால மாட்டு டாக்டர் கைய உள்ளே விட முடியலை. அவர் வாலைப் பிடிச்சி மேலயும் கீழயும் ஆட்டி, வால் அடியில எலும்பு அசையற இடத்தைத் தடவிப் பார்த்து ஒரு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்துல வால் கயிறு மாதிரி தொங்கிடுச்சி. மாடு முக்கறதை நிறுத்துச்சி. காலைத் திருப்பிக் கன்னை எடுத்தார். சென்னை டாக்டர்கிட்ட கேட்டேன். "ஆமாங்க ஐயா, அதுவும் எபிடியூரல்தான். மாட்டுக்கு முக்கறதை நிறுத்தப் போடுவாங்க. இவங்களுக்கு அளவைக் குறைச்சி, முக்கற தெம்பு இருக்கிற மாதிரி குடுக்கிறோம்"னார்.

அன்னிக்கு மாட்டு டாக்டர் கேட்ட காசை மறுபேச்சில்லாம குடுத்தேன். மாட்டுக்கு முதுகு வலி வருமான்னு யாரும் கேக்கலை. அவ அம்மா ஊசி போட்டுக்கிட்டுதான் கன்னு போட்டாளான்னும் கேக்கலை.

சின்னவளுக்கு எல்லாமே சுலபமா முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். நடுவுல ரத்த அழுத்தம் இறங்கி, சலைன் ஏத்தினாங்க. உடம்பு அரிச்சது. கால் கனமா இருக்குன்னா. முக்கற நேரம் கொஞ்சம் நீண்டுது. நூத்துல ஒருத்தருக்கு ஊசிக்கு அப்புறம் பலமான தலைவலி வரும்னும் டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். ரத்தம் உறையறதுல கோளாறு இருக்கிறவங்களுக்குப் போட மாட்டாங்க. ஊசி போட்ட பிறகு பிரஷரையும் குழந்தையோட இதயத்துடிப்பையும் பார்த்துக்கிட்டே இருக்கணும். அதனால மயக்க டாக்டர் இல்லாத இடத்துல இதைக் கேக்கிறது நியாயமில்லை.

ஆனா சம்பந்தியம்மா பயந்த அந்த ஆயுசுக்கால இடுப்பு வலி? ஊசி போட்டுக்கிட்டவங்களையும் போட்டுக்காதவங்களையும் வெச்சிப் பார்த்த ஆராய்ச்சிகள்ல, நாள்பட்ட முதுகு வலியில வித்தியாசம் தெரியலை. ஆபரேஷனும் இதனால கூடலை. என் பெரிய பொண்ணுக்கு ஊசியே போடலை. இன்னிக்கு அவளுக்குத்தான் இடுப்பு வலி. ஒக்கல்ல பிள்ளை, தறிக்குழியில எட்டு மணி நேரம், வலி வராம என்ன செய்யும்? நெசவு பண்றவங்களுக்கு முதுகுதான் சோறு போடுது. அதனால சம்பந்தியம்மா பயத்தை நான் கேலி பண்ணலை. காரணத்தைத்தான் தப்பான இடத்துல தேடிட்டோம்னு சொல்றேன்.

இன்னொரு கணக்கு பாருங்க. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல, தமிழ்நாட்டுப் பிரசவத்துல 44.9 சதவீதம் ஆபரேஷன். தனியார்ல மட்டும் 63.8. ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் போடறதும் முதுகுல ஊசிதான். அப்ப மட்டும் எந்த மாமியாரும், எந்த அப்பாவும் இடுப்பு வலியைப் பத்திப் பேசறதில்லை. கையெழுத்துப் போட்டுட்டு சாமியைக் கும்பிடறோம். வலிக்குன்னு கேட்டாத்தான் நமக்கு முதுகு ஞாபகம் வருது. வலி தாங்காம "வயித்தை அறுத்துடுங்க"ன்னு கேட்ட பொண்ணுங்களை எங்க ஊர்லயே பார்த்திருக்கேன்.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். "அந்தக் காலத்துல களை எடுக்கும்போதே வலி வந்து, வரப்போரமா பெத்துட்டு, மறுநாள் வேலைக்கு வந்தாங்களாமே"ன்னு என்கிட்ட ஆசையாக் கேக்கறீங்க. நானும் அந்தக் கதையைப் பெருமையாச் சொல்லியிருக்கேன். மறுநாள் வந்தது தெம்புல இல்லைங்க, கூலி போயிடும்னு. எங்க சின்னம்மா வீட்டுலயே ரெண்டாவது பிள்ளையைப் பெக்கப் போய்ச் செத்தாங்க. அவங்களைப் பத்தி யாரும் கதை சொல்றதில்லை.

வலி கடவுள் குடுத்ததுன்னு சொல்றதும் நம்ம ஊர்ல மட்டும் இல்லை. 1847-ல எடின்பரோவுல சிம்சன்னு ஒரு டாக்டர் பிரசவத்துக்கு மயக்க மருந்து குடுத்தப்ப, அங்கயும் பைபிளைக் காட்டி எதிர்த்தாங்க. 1853-ல விக்டோரியா ராணியே எட்டாவது பிள்ளைக்குக் குளோரோஃபார்ம் வாங்கிக்கிட்டாங்க. ராணி கேட்டதும் கிடைச்சுது. இப்ப உலக சுகாதார நிறுவனமே 2018 வழிகாட்டியில, ஆரோக்கியமான தாய் வலி குறைக்கக் கேட்டா எபிடியூரல் குடுக்கலாம்னு சொல்லியிருக்கு. கேக்கிற உரிமை யாருக்குன்னா, தாய்க்கு. அப்பனுக்கோ மாமியாருக்கோ இல்லை.

நம்ம அரசாங்கம் பிரசவத்துக்கு நிறைய செய்யுது, மறுக்க மாட்டேன். 108 வண்டி வருது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபாய்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் வருது. வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய இல்லாமலே போயிடுச்சி. அடுத்த படி இதுதான்னு நினைக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல முடியாது, புரியுது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகள்லயாவது பிரசவ வார்டுக்குன்னே ராத்திரி பகலா ஒரு மயக்க டாக்டர் இருக்கணும், ஆபரேஷன் தியேட்டர்லேர்ந்து ஓடி வர்றவரா இல்லாம. பன்னெண்டாயிரம் இருக்கிறவன் பொண்ணுக்கு ஒரு வலி, இல்லாதவன் பொண்ணுக்கு ஒரு வலின்னு இருக்கக் கூடாது. அதுவரைக்கும் காசில்லாம செய்யக்கூடியதும் இருக்கு. கூட ஒரு பொம்பளை இருந்து இடுப்பை நீவி விடறது, நடக்க விடறது, "கத்தாதே"ன்னு அதட்டாம இருக்கிறது.

ஊசி வேணாம்னு ஒரு பொண்ணு சொன்னா அதுவும் சரி. என் வீட்டம்மா இன்னிக்கும் "எனக்கா இருந்தா வேணாம்"னுதான் சொல்றா. அவ உடம்பு, அவ சொல்லலாம்.

பெரியவ இப்ப ரெண்டாவது முழுகாம இருக்கா, அஞ்சு மாசம். ரெண்டாவது பிரசவம் அவங்க வீட்டுச் செலவுன்னு வழக்கம். போன ஞாயித்துக்கிழமை பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். தறிச் சத்தத்துக்கு நடுவுல, சம்பந்தியம்மா முன்னாடியே பொண்ணுகிட்ட சொன்னேன்: "அம்மா, வேர்க்கடலை வித்த காசுல பன்னெண்டாயிரம் தனியா எடுத்து வெச்சிருக்கேன். ஊசி வேணுமா வேணாமான்னு நீயே டாக்டர்கிட்ட சொல்லு. அந்தத் தடவை நான் பேசினது தப்பு."

அவ ஒண்ணும் சொல்லலை. தறியை நிறுத்திட்டு எழுந்து போய் எனக்கு மோர் கொண்டாந்து குடுத்தா. சம்பந்தியம்மாதான் கொஞ்ச நேரம் கழிச்சி, "அந்தச் சென்னை டாக்டர் நம்பர் இருந்தா குடுங்க, நானும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்"ன்னாங்க.