எதிரிக்கும் ஆறடி நிலம்



2027ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 முதல் 8 வரை உலக இளையோர் நாள் தென்கொரியத் தலைநகர் சியோலில் நடைபெற இருக்கிறது. அங்கு செல்லும் இளையோர் அந்நாட்டின் மறைசாட்சிகள் இரத்தம் சிந்திய திருத்தலங்களைக் காண்பார்கள். சியோலுக்கு வடக்கே, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், வெளிநாட்டவர் அதிகம் அறியாத ஜோக்சோங் என்னும் சிற்றூர் இருக்கிறது. பாஜு நகரைச் சேர்ந்த இந்த ஊர், இரு கொரியாக்களையும் பிரிக்கும் எல்லைக்கு அருகே, இம்ஜின் ஆற்றை ஒட்டி அமைந்துள்ளது. இளையோர் இந்த ஊரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது நம் விருப்பம்.

போர் நடந்த மண்

1950 ஜூன் 25 அன்று தொடங்கிய கொரியப் போரின் மிகக் கடுமையான சண்டைகளுள் ஒன்று இவ்வூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் நடந்தது. 1951 ஏப்ரல் 22 முதல் 25 வரை, பெரும் எண்ணிக்கையில் திரண்டு வந்த சீனப் படையை ஒரு பிரித்தானியப் படைப்பிரிவு எதிர்த்து நின்றது. அதில் குளோஸ்டர்ஷயர் படையணி முற்றிலும் சூழப்பட்டது. மற்றவர்கள் தப்பிச் செல்ல முயன்றபோது, அப்படையணியின் ஆங்கிலிக்கன் ஆன்ம குரு சாம் டேவிஸ், காயமுற்றோரை விட்டுப் போக மனமின்றி அவர்களோடு தங்கிச் சிறைப்பட்டார். அப்படையணிக்கு இன்று சொல்மா-ரி பள்ளத்தாக்கில் ஒரு நினைவிடம் உண்டு.

இதே பாஜு பகுதியில் உள்ள முன்சானில், அதற்கு ஒரு மாதம் முன்பு, 1951 மார்ச் 23 அன்று, அமெரிக்க வான்குடைப் படையினரோடு இந்திய மருத்துவக் குழுவினரும் குதித்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அப்போருக்கு நம் நாடு துப்பாக்கி ஏந்தும் படையை அனுப்பவில்லை, குணமாக்கும் கரங்களை அனுப்பியது என்பதை நாம் நன்றியோடு நினைக்கலாம்.

எதிரிகளின் கல்லறை

வெற்றி கொண்டவர்களுக்கும் தம் பக்கம் நின்றவர்களுக்கும் நினைவிடம் எழுப்புவது எல்லா நாடுகளும் செய்வதே. ஆனால் ஜோக்சோங்கில் வேறொன்றும் இருக்கிறது. தென்கொரிய மண்ணில் இறந்த வடகொரிய, சீனப் படைவீரர்களின் எலும்புகளைத் திரட்டி, 1996இல் ஒரே இடத்தில் அடக்கம் செய்தார்கள். மக்கள் அதை 'எதிரிகளின் கல்லறை' என்றே அழைக்கிறார்கள். பல கல்லறைகளில் பெயர் இல்லை, 'பெயர் அறியாதவர்' என்று மட்டுமே எழுதப்பட்டுள்ளது. அவை இறந்தவர்களின் சொந்த ஊர் இருக்கும் வடதிசையை நோக்கி அமைக்கப்பட்டுள்ளன.

1968 ஜனவரியில் தென்கொரிய அதிபரைக் கொல்லப் புறப்பட்டு வந்த 31 வடகொரிய வீரர்களுள் கொல்லப்பட்டவர்களும் இங்கேயே துயில்கிறார்கள். உயிரோடு பிடிபட்ட கிம் ஷின்-ஜோ மன்னிப்புப் பெற்று, பின்னாளில் கிறிஸ்தவப் போதகராகி, 2025 ஏப்ரலில் இறந்தார். தோழர்கள் கல்லறையில் கிடக்க, ஒருவர் மட்டும் நற்செய்தி அறிவிப்பவரானார். அவரைக் கொல்லாமல் விட்ட இரக்கம் எத்தனை பெரிய கனியைத் தந்தது!

சீன வீரர்களின் எலும்புகளை 2014 முதல் ஆண்டுதோறும் சீனாவிடம் ஒப்படைத்து வருகிறார்கள். முதல் ஆண்டிலேயே 437 பேர் ஊர் திரும்பினார்கள். வடகொரிய வீரர்களோ இன்னும் அங்கேயே காத்திருக்கிறார்கள்.

மூடப்படும் வாயில்கள்

1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது போர்நிறுத்த உடன்பாடு மட்டுமே, அமைதி ஒப்பந்தம் அன்று. 2018இல் இரு நாட்டுத் தலைவர்களும் சந்தித்தபோது நம்பிக்கை பிறந்தது. பிரிந்த குடும்பங்கள் கடைசியாக ஒன்றுகூடியதும் அவ்வாண்டு ஆகஸ்டில்தான். 2023 இறுதியில் வடகொரியத் தலைவர் இனி ஒன்றிணைப்பு இல்லை என்று அறிவித்தார். 2024 அக்டோபரில் தெற்கோடு இணைக்கும் சாலைகளை வடகொரியா வெடிவைத்துத் தகர்த்தது. 2025 ஜூனில் தென்கொரியா எல்லையில் ஒலிபெருக்கிப் பரப்புரையை நிறுத்தியது நல்ல அடையாளம்தான். ஆயினும் கதவு இன்னும் திறக்கவில்லை. உறவினரைக் காண 1988 முதல் பதிவு செய்த ஏறத்தாழ 1,34,000 பேரில் பெரும்பாலோர் காத்திருந்தே கண்மூடிவிட்டார்கள்.

அரசுகள் பேச மறுக்கும்போது மக்களிடம் எஞ்சியிருப்பது என்ன? இறந்தவரை மதிப்பதும் மன்றாடுவதும் என்று ஜோக்சோங் பதில் சொல்கிறது.

திருச்சபை கற்ற பாடம்

கொரியத் திருச்சபைக்கு வடக்கின் மீது கோபம் கொள்ளக் காரணங்கள் உண்டு. தொக்வோன் பெனடிக்ட் துறவு மடத்தின் ஆயர் போனிபாஸ் சாவர் 1950 பிப்ரவரியில் பியோங்யாங் சிறையில் இறந்தார். அங்கிருந்த துறவிகள் பலர் சிறைகளிலும் முகாம்களிலும் உயிர் நீத்தனர். எனவே 1965இல் ஆயர்கள், துன்புறும் 'மௌனத் திருச்சபைக்காக' மன்றாடும் நாளை ஏற்படுத்தினார்கள். 1992இல் அந்நாளின் பெயர் 'ஒப்புரவுக்கும் ஒற்றுமைக்குமான மன்றாட்டு நாள்' என்று மாறியது. நம்மவருக்காக மட்டும் மன்றாடிய திருச்சபை, நம்மைத் துன்புறுத்தியவரோடு ஒப்புரவாகவும் மன்றாடக் கற்றுக்கொண்டது.

பாஜுவில் 2013இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'மனவருத்தமும் பரிகாரமும்'. வடக்கில் இருந்த பழைய ஆலயங்களின் சாயலில் கட்டப்பட்ட அதன் உட்புறத்தை அணிசெய்யும் கல்பதி ஓவியம் வடகொரியக் கலைஞர்களின் கைவண்ணம். பழி சொல்லும் பெயரைத் தேடாமல், தம் குற்றத்தையும் அறிக்கையிடும் பெயரை அவர்கள் தேர்ந்துகொண்டார்கள்.

2014 ஆகஸ்ட் 18 அன்று சியோல் பேராலயத்தில் அமைதிக்காகத் திருப்பலி நிறைவேற்றிய திருத்தந்தை பிரான்சிஸ், எத்தனை முறை மன்னிப்பது என்ற பேதுருவின் கேள்வியையே (மத் 18:21-22) அம்மக்கள் முன் வைத்தார்.

நமக்கு வரும் கேள்வி

கொல்லப்பட்டுக் கிடந்த தம் மக்களை அடக்கம் செய்ததற்காகத் தோபித்து உடைமைகளை இழந்தார் (தோபி 1:17-20). இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் படித்தோம். கொரிய மக்கள் தங்களைக் கொல்ல வந்தவருக்கும் அதைச் செய்தார்கள். நாமோ ஒரே திருமுழுக்கைப் பெற்றவர்கள். ஆனாலும் தமிழகத்தின் சில கல்லறைத் தோட்டங்களில் சாதியின் பெயரால் சுவர் எழுந்ததை நாம் அறிவோம். எதிரியின் எலும்புக்கு அங்கே இடம் உண்டு, சகோதரனின் உடலுக்கு இங்கே சுவரா?

பிரிக்கும் சுவரைத் தம் உடலாலேயே தகர்த்தவர் கிறிஸ்து (எபே 2:14). வருகிற நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளில், நம் குடும்பத்தாரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது, பகை கொண்டு பேசாமலிருக்கும் ஒரு வீட்டாரின் கல்லறையிலும் ஒரு திரி ஏற்றுவோம். வடதிசை நோக்கிக் காத்திருக்கும் அந்தப் பெயரற்ற வீரர்களுக்காகவும், அவர்களை இன்னும் தேடும் குடும்பங்களுக்காகவும் ஒரு செபமாலை சொல்வோம். அமைதியின் அரசராம் இயேசு கொரிய மக்களையும் நம்மையும் ஒப்புரவில் இணைப்பாராக.